ஆலை ஓசையும் தொழிலாளர் செவியும்

ஆலைத் தொழிலாளி ஒருவர் யந்திரத்தில் ஒரு விரலைப் பறிகொடுத்தால் அதனை ஊரே அறிகிறது. இரத்தம் சிந்துகிறது, யந்திரம் நிறுத்தப்படுகிறது, சக தொழிலாளர் திரள்கின்றனர், வைத்தியம் நடக்கிறது, நஷ்ட ஈட்டைப் பற்றிய பேச்சும் உடனே எழுகிறது. அதே தொழிலாளி இருபது ஆண்டுக் காலம் தறிகளின் இரைச்சலுக்கிடையே நின்று, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தமது செவிப்புலனை இழந்துவிட்டால், அதனை அறிவார் எவருமிலர். அவ்விழப்பில் இரத்தம் இல்லை, நோவு இல்லை, அலறலும் இல்லை. இழந்தவரே தாம் இழந்ததை நெடுங்காலம் உணர்வதில்லை. "வயதாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது" என்று வீட்டார் சொல்லுகின்றனர். அவரும் அதனை ஒப்புக்கொண்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, திண்ணையின் ஒரு மூலையில் அமர்ந்துவிடுகின்றார். இவ்வாறு சந்தடியின்றி நேரும் அங்கவீனத்தைப் பற்றியே இன்று நமது நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றோம். புதுவை நகரத்தார்க்கு இவ்விஷயம் அயலாரின் கதையன்று.

புதுவையும் பஞ்சாலைகளும்

புதுவையைக் கடற்கரைக்கும் நேரான வீதிகளுக்கும் பெயர்பெற்ற ஊர் என்றே வெளியூரார் எண்ணுவர். ஆனால் இது நெடுங்காலம் ஓர் ஆலை நகரமாகவும் விளங்கியது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே யந்திர நூற்பு இங்கே காலூன்றிவிட்டது. சவானா ஆலை, ரோடியர் ஆலை, கெப்ளே ஆலை என்னும் மூன்றும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. பிற்காலத்தில் சவானா 'சுதேசி' ஆயிற்று; கெப்ளே 'பாரதி' ஆயிற்று; 1898-இல் தோன்றிய ரோடியர் 'ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்' என்னும் பெயருடன், ஏ.எப்.டி. என்று ஊரார் வாயில் வழங்கலாயிற்று. ஆலைச் சங்கு ஊதினால் முதலியார்பேட்டை விழித்துக்கொள்ளும். மறுபடி ஊதினால் வீடுகளில் உலை ஏறும். கடிகாரம் இல்லாத வீட்டாருக்குச் சங்கே கடிகாரமாயிருந்தது.

அவ்வாலைகள் இன்று இல்லை. சர்க்கார் வசமாகிப் பல ஆண்டுகள் நலிந்து நின்ற ஏ.எப்.டி. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதியுடன் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அதே ஆண்டில் மூடப்பட்டன. தறிகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் அத்தறிகள் தொழிலாளர் காதுகளிற் செய்துவிட்டுப் போன வேலை ஓயவில்லை. அது அவர்கள் ஆயுள் உள்ளவரை உடனிருப்பது.

ஆலையின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவாக இரைவதில்லை. நூற்புப் பகுதியில் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே சீராகச் சுழல்வதால் எழுவது ஓயாத ஒரு முழக்கம். தறிக்கூடத்தில் எழுவதோ அடிமேல் அடி. பழைய தறியில் நாடாவைக் கட்டையால் அடித்து எறிய வேண்டும். மறுகோடியில் அது மோதி நிற்க வேண்டும். உடனே மீண்டும் எறியப்பட வேண்டும். ஒரு நிமிஷத்தில் இது நூறு தடவைக்கு மேல் நிகழும். இத்தகைய தறிகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ், கற்சுவர்களுக்கும் ஓட்டுக் கூரைக்கும் இடையே இயங்கினால் என்னாகும்? அங்கே வாய்ப்பேச்சு உதவாது. கையசைவும் உதட்டசைவுமே மொழியாகும். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் பெண் தொழிலாளர் உதட்டசைவாலேயே பேசிக்கொள்ளப் பழகி, அப்பேச்சுக்குத் தனிப் பெயரும் ஏற்பட்டிருந்தது. கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வேடிக்கையன்று; காது பயன்படாத இடத்தில் மனிதர் எட்டு மணி நேரம் உழைத்தனர் என்பதற்கு அதுவே சாட்சி.

செவியின் இயல்பு

காதின் உட்புறத்தில் நத்தைக் கூடுபோற் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாய் அமைந்துள்ளன. ஓசையின் அசைவை நரம்பு அறியும் செய்தியாக மாற்றுவன இவையே. மிகுந்த ஓசை இவற்றை நாள்தோறும் அலைக்கழித்தால், முதலில் இவை சோர்கின்றன. ஓய்வு கிடைத்தால் தேறுகின்றன. வேலை முடிந்து வெளியே வந்ததும் காதில் 'ஙொய்' என்று இரைவதும், உலகம் பஞ்சால் மூடப்பட்டதுபோல் தோன்றுவதும், மறுநாட் காலையில் அது நீங்குவதும் இச்சோர்வின் அடையாளம். இச்சோர்வு நாள்தோறும் திரும்பத் திரும்ப நேருமாயின், ஒரு நாள் அவ்வணுக்கள் மடிகின்றன. பயிர் பட்டுப்போனால் மறுபடி விதைக்கலாம். மனிதர் செவியில் மயிரணு பட்டுப்போனால் மீண்டும் முளைப்பதில்லை. மருந்தும் இல்லை, சத்திர சிகிச்சையும் இல்லை.

இந்நோயின் வஞ்சகம் இன்னொன்று உண்டு. அது எல்லா ஓசைகளையும் ஒருங்கே கவர்ந்துகொள்வதில்லை. வினாடிக்கு 4,000 அதிர்வுகள் கொண்ட உயர்ந்த சுருதியையே முதலிற் கவர்கிறது. பேச்சின் உயிரோசைகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியின; மெய்யெழுத்துக்களின் கூர்மையோ உயர்ந்த சுருதியில் உள்ளது. ஆதலின் தொழிலாளிக்கு ஒருவர் பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறார் என்பது விளங்குவதில்லை. 'படம்' என்றதும் 'கடம்' என்றதும் 'தடம்' என்றதும் அவர்க்கு ஒன்றே. "காது கேட்கிறது, கவனிக்கத்தான் மாட்டேன் என்கிறார்" என்று மனைவி மக்கள் குறைப்பட்டுக்கொள்கின்றனர். குழந்தையின் மழலையும் பெண்களின் மெல்லிய குரலும் முதலில் மறைகின்றன. கூட்டத்தில் நால்வர் பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. எனவே கலியாணத்துக்குப் போவது குறைகிறது. சங்கக் கூட்டத்துக்குப் போவது நின்றுவிடுகிறது. கேள்விச் செல்வத்தின் பெருமையைச் சொல்ல வள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அச்செல்வத்தைக் கூலிக்கு விற்றுவிட்டோம் என்று இத்தொழிலாளர் அறிந்து விற்கவில்லை. எவரும் அவர்க்குச் சொல்லவுமில்லை.

உலகம் இதனை அறியாதிருந்ததா? இல்லை. 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு வைத்தியர் ரமாசினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நாள் முழுதும் செம்பைத் தட்டும் கன்னார்கள் செவிடாவதை எடுத்துக் காட்டினார். 1886-இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் தாமஸ் பார், கொதிகலம் செய்யும் தொழிலாளர் நூற்றுவரைச் சோதித்து, அவர்களிற் பெரும்பாலோர் பொதுக்கூட்டத்தில் பேச்சைக் கேட்க இயலாதவராயிருப்பதை வெளியிட்டார். 1965-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் சணல் நெசவுப் பெண்களைச் சோதித்த அறிஞர், தறியருகே நின்ற ஆண்டுகள் ஏற ஏறச் செவிப்புலன் இறங்குவதை அளந்தே காட்டினர். ஆகவே அறியாமை என்று இதற்குச் சமாதானம் சொல்ல இடமில்லை.

அளவு என்ன?

ஓசையை டெசிபெல் என்னும் அளவாற் கணிப்பர். இவ்வளவு நமது படிக்கணக்குப் போன்றதன்று. 90-க்கும் 93-க்கும் உள்ள வேற்றுமை சிறிதென்று தோன்றும். உண்மையில் மூன்று டெசிபெல் ஏறினால் காதின்மேல் வந்து மோதும் சக்தி இரு மடங்காகிறது. பத்து ஏறினால் பத்து மடங்கு. அமைதியான உரையாடல் 60 டெசிபெல் அளவில் இருக்கும். நாடாத் தறிகள் நிறைந்த கூடமோ பெரும்பாலும் 95-க்கும் 105-க்கும் இடைப்பட்டதாகும்.

இந்தியாவில் ஆலைகளுக்கென வகுக்கப்பட்ட மாதிரி விதிகளின்படி, 90 டெசிபெல் ஓசையில் ஒருவர் 8 மணி நேரம் வேலை செய்யலாம். 95 ஆனால் 4 மணி. 100 ஆனால் 2 மணி. 105 ஆனால் 1 மணி. 110 ஆனால் அரை மணி. 115 ஆனால் கால் மணியே. ஐந்து டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது இக்கணக்கு. 100 டெசிபெல் தறிக்கூடத்தில் ஒருவர் காதுக்குக் காப்பின்றி எட்டு மணி நேரம் நின்றால், அனுமதித்த அளவைப்போல் நான்கு மடங்கு ஓசையை அவர் ஒரே நாளில் உண்கிறார் என்பது பொருள்.

இக்கணக்கும் தாராளமானதே என்பதை நேயர்கள் கருத வேண்டும். அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998-இல் வெளியிட்ட முடிவின்படி, எட்டு மணி நேரத்துக்குரிய எல்லை 85 டெசிபெல்லாக இருத்தல் வேண்டும். மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாதல் வேண்டும். அக்கணக்கின்படி 100 டெசிபெல்லில் நிற்கத்தக்க நேரம் கால் மணியே. 40 ஆண்டுகள் 90 டெசிபெல்லில் உழைப்பவரில் நூற்றுக்கு 25 பேர் அவ்வுழைப்பினாலேயே கேள்விக்குறை அடைவர் என்றும், 85 ஆனால் நூற்றுக்கு 8 பேர் என்றும் அந்நிலையத்தார் மதிப்பிட்டனர். அஃதாவது, நமது விதியை எழுத்துப் பிசகாமற் பின்பற்றினாலும், நால்வரில் ஒருவர் செவியைப் பலி கொடுக்க நேரும். ஐரோப்பிய நாடுகளோ 2003-ஆம் ஆண்டுக் கட்டளையால், 80 டெசிபெல்லிலேயே எச்சரிக்கையும் காதுக்காப்பும் அளிக்க வேண்டுமென்றும், காப்பணிந்த காதினுள்ளும் 87-க்கு மேற் போகலாகாதென்றும் விதித்துள்ளன.

பிரான்சு தேசத்தின் சரித்திரத்தில் நமக்கு ஒரு செய்தி உண்டு. தொழிலால் வரும் செவிட்டுத்தன்மையை அந்நாடு 1963-இல் தொழில்நோய் அட்டவணையிற் சேர்த்து, நஷ்ட ஈட்டுக்குரியதாக்கிற்று. புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்டு 16-இல். ஆகவே பிரெஞ்சுச் சட்டத்தின் இந்நன்மை, பிரெஞ்சு முதலாளிகளின் தறிகளால் காதிழந்த புதுவைத் தொழிலாளியை ஓராண்டு வித்தியாசத்தில் தவறவிட்டது. நமது சுதந்திர சர்க்கார் அக்குறையை நிறைவு செய்தல் நியாயமன்றோ?

எட்டு மணி நேரத்தின் விலை

மேலே கண்ட எல்லா அளவுகளும் 'எட்டு மணி நேரம்' என்பதைப் பற்றியே நிற்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். எட்டு மணி உழைத்தால் மிகுதிப் பதினாறு மணியும் காதுக்கு ஓய்வு கிடைக்கும். அவ்வோய்வில் அது தேறும் என்பதே இக்கணக்கின் அடிப்படை. அந்த எட்டு மணி நேரம் புதுவைக்குச் சும்மா வந்ததன்று.

1936 ஜூலை 30-ஆம் தேதி, சவானா ஆலைத் தொழிலாளர் தங்கள் உரிமைக்காகப் போராடியபொழுது, பிரெஞ்சு ஆட்சியாளரின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு 12 தொழிலாளர் இரையாயினர். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அப்போராட்டத்தின் விளைவாக, அதற்கடுத்த 1937-ஆம் ஆண்டில் எட்டு மணி வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் இங்கே சட்டமாயின. ஆசியாவிலேயே இது முதன்மையானதென்று புதுவையார் பெருமையுடன் சொல்வது வழக்கம். ஆண்டுதோறும் ஜூலை 30-இல் அத்தியாகிகளுக்கு அஞ்சலியும் செலுத்தப்படுகிறது. அவர்கள் கூலிக்கும் ஓய்வுக்கும் போராடினர். காதைப் பற்றிப் பேசினார்களோ இல்லையோ, அவர்கள் வென்ற ஓய்வுதான் அவர்களுக்குப் பின் வந்தோரின் காதுக்குக் கிடைத்த முதற் காப்பு.

இன்று எட்டு மணியை நெகிழ்த்த வேண்டும் என்னும் பேச்சு நாட்டில் அடிக்கடி எழுகிறது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதா நிறைவேறிற்று. எதிர்ப்பு மிகவே மே தினத்தன்று அது கைவிடப்பட்டது. இவ்வாதத்தில் கூலி, போக்குவரவு, உற்பத்தி ஆகியன பேசப்பட்டன. காதைப் பற்றிப் பேசினோர் அரியர். 12 மணி நேரம் வேலை வாங்குவதாயின், எட்டு மணிக்கு 90 என்ற எல்லை 87-ஆகக் குறைய வேண்டும். கடுமையான கணக்கின்படி 85 என்பது 83-ஆகக் குறைய வேண்டும். நேரத்தை நீட்ட விரும்புவோர் ஓசையைக் குறைக்க ஆயத்தமாயிருக்கின்றார்களா என்று கேட்பது தொழிலாளர் கடமை. மிகுதி வேலைக்கு இரட்டைக் கூலி கொடுப்பதாற் காது இரட்டை ஓசையைத் தாங்கிவிடாது.

சட்டத்தில் உண்டு, பட்டறையில் எங்கே?

சட்டத்தில் இந்நோய்க்கு இடமில்லை என்று சொல்வதற்கில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கத்தக்க நோய்களுள் ஓசையால் வரும் செவிக்குறையும் ஒன்றாக இடம் பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டமும் அதனைத் தன் அட்டவணையில் வைத்துக்கொண்டது. நோயாளியைப் பார்க்கும் வைத்தியரும் ஆலை நிர்வாகியும் அதனை அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை. மாதிரி விதிகளின்படி, மிகுந்த ஓசையுள்ள இடத்தில் வேலைக்கு வருபவரின் காது, சேர்ந்த 14 நாட்களுக்குள்ளும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் சோதிக்கப்பட வேண்டும். நஷ்ட ஈட்டுச் சட்டத்திலும் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் ஓசையால் வரும் கேள்விக்குறை தொழில்நோயாகவே எண்ணப்பட்டது.

இவ்வளவும் இருந்தும் பயன் ஏன் அரிதாயிற்று? காரணங்கள் மூன்று என்போம்.

முதலாவது, முதற் சோதனை இல்லாமை. வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒருவர் காது எவ்வளவு கேட்டது என்று குறித்து வைக்காவிட்டால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் இழந்தது எவ்வளவு என்று எவ்வாறு காட்டுவது? முதலாளி முதுமையைக் காட்டுவார், வைத்தியர் ஐயப்படுவார், தொழிலாளியின் கையிலோ ஒரு காகிதமும் இராது. முதற் சோதனைத் தாள் தொழிலாளிக்கு நிலப் பட்டா போன்றது. அஃதின்றி உரிமை நிலைக்காது.

இரண்டாவது, சட்டம் முழுச் செவிட்டுத்தன்மையை நூற்றுக்கு நூறு ஊனம் என்று தெளிவாகச் சொல்லிற்று; ஆனால் ஓசை எவரையும் பெரும்பாலும் முழுச் செவிடாக்குவதில்லை. அது பாதியையும் முக்காலையும் கவர்ந்துகொண்டு மிகுதியை விட்டுவைக்கிறது. அப்பாதிக்கு அளவு காண வைத்தியரும் கருவியும் வழக்கும் வேண்டும். கூலித் தொழிலாளிக்கு இம்மூன்றும் எளிதில் வாய்ப்பன அல்ல.

மூன்றாவது, பட்டறைகளின் சிறுமை. பழைய சட்டத்தில், மின்விசையுடன் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதிய சட்டத்தில் 20 பேர் வேண்டும். மின்விசை இல்லாவிடில் முன்னர் 20, இப்பொழுது 40. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை பொதுவாகச் சட்டத்தின் கண்ணுக்கே அகப்படுவதில்லை. ஆனால் ஓசைக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது. நான்கு பேர் உள்ள பட்டறையில் சுழலும் அறுவை யந்திரமும், நானூறு பேர் உள்ள ஆலையிற் சுழலும் அறுவை யந்திரமும் ஒரே விதமாகவே காதை அறுக்கின்றன.

இங்கே ஒரு விந்தையும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியிற் பகலில் 55 டெசிபெல்லுக்கும், தொழிற்பேட்டைப் பகுதியில் 75-க்கும் மேல் ஓசை ஆகாதென்கின்றன. ஆலைச் சுவருக்கு வெளியே நடந்து செல்பவருக்கு 75. சுவருக்கு உள்ளே எட்டு மணி நேரம் உழைப்பவருக்கு 90. வெளியே உள்ளவர் முறையிடுவார். உள்ளே உள்ளவர் வேலை போய்விடும் என்று வாய் திறவார். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை அவ்வச்சமே நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இன்றைய புதுவை

ஆலைகள் மூடப்பட்டதால் இரைச்சலும் போயிற்றென்று எவரும் எண்ணற்க. பெரிய கூரையின் கீழ் இருந்தது இன்று பல சிறு கூரைகளின் கீழ்ப் பரவியிருக்கிறது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய தொழிற்பேட்டைகளைச் சுற்றி வருவோர் தகடு வெட்டும் ஓசையையும், இரும்பு தேய்க்கும் ஓசையையும், காற்றழுத்த யந்திரத்தின் முழக்கத்தையும் தெருவிலிருந்தே கேட்கலாம். ஊருக்குள்ளே மரம் அறுப்போர், கல் அறுப்போர், தரை குடைவோர், மின்சாரம் நின்றால் ஓடும் ஜெனரேட்டரின் பக்கத்தில் நிற்போர், நாற்சந்தியில் நாள் முழுதும் ஹாரன்களுக்கிடையே நிற்கும் போக்குவரவுக் காவலர், திருவிழாவிலும் ஊர்வலத்திலும் ஒலிபெருக்கிக்கு முன் நின்று மேளம் அடிப்போர் ஆகிய யாவரும் செவியால் ஊதியம் பெறுவோரே. இவர்களிற் பலர்க்கு முதலாளி யார் என்பதே நாளுக்கு நாள் மாறுகிறது.

இவர்களுக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லுகின்றோம். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அவ்விடத்தின் ஓசை 85 டெசிபெல்லை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். வேலை முடிந்தபின் காது இரைந்தால் அன்று அளவு கடந்தது என்று கொள்ளலாம். இதற்குக் கருவியும் வேண்டா, காசும் வேண்டா.

செய்யத்தக்கன

காதில் அடைப்பான் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதும் முதலாளிமார் பலர். பஞ்சைத் திரட்டிக் காதில் வைப்பது காப்பாகாது. முறையான அடைப்பானும், வேர்வை ஒழுகும் புதுவை வெயிலில், தகரக் கூரையின் கீழ், எட்டு மணி நேரம் ஒருவர் காதில் நிற்பது அரிது. எட்டு மணியில் ஒரு மணி அதைக் கழற்றி வைத்தாலும் காப்பின் பயன் பெரிதும் குறைந்துவிடும். ஆதலின் முதலில் ஓசையையே அடக்க வேண்டும். தளர்ந்த திருகுகளை முடுக்குதல், தேய்ந்த பாகங்களை மாற்றுதல், எண்ணெய் இடுதல், யந்திரத்தின் அடியில் ரப்பர் பதித்தல், காற்றழுத்த யந்திரத்தையும் ஜெனரேட்டரையும் தனியறையில் வைத்தல், சுவரிலும் கூரையிலும் ஓசையை உறிஞ்சும் பலகை பொருத்துதல், புதிய யந்திரம் வாங்கும்பொழுது விலையோடு ஓசையின் அளவையும் கேட்டு வாங்குதல் ஆகிய இவை கோடீசுவரர் மட்டுமே செய்யக்கூடியன அல்ல. இவற்றிற் பாதி, நல்ல மேஸ்திரி ஒருவர் மனம் வைத்தால் நடப்பன. இவையும் போதாவிடத்து ஆட்களை முறைமாற்றி நிறுத்த வேண்டும். கடைசியாகவே காதடைப்பான்.

புதுவை சர்க்காரார் செய்ய வேண்டியவை நான்கு உள என்பது நமது கருத்து.

ஒன்று, தொழிற்பேட்டைகளில் ஓசை அளக்கும் கருவியுடன் அதிகாரிகள் சென்று, பட்டறைதோறும் கண்ட அளவைத் தமிழில் எழுதி வாசலில் தொங்கவிடச் செய்தல் வேண்டும். தராசு முத்திரையைச் சோதிக்கும் அரசாங்கத்துக்கு இது புதிய வேலையன்று.

இரண்டு, புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் காதுச் சோதனை நடத்தி, அதன் தாளை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். தாள் முதலாளியின் பெட்டியில் இருந்தால் அது முதலாளியின் தாள்.

மூன்று, மூடப்பட்ட ஆலைகளின் பழைய தொழிலாளரைக் கணக்கெடுத்து, அவர்கள் காதுகளைச் சோதித்து, வேண்டியவர்க்குக் கேட்கும் கருவியை இலவசமாக அளித்தல் வேண்டும். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இவ்வூரிலேயே உள்ளது, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் உள்ளது. நிபுணரைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஆலைகளின் சம்பளப் பதிவேடுகள் அழிவதற்கு முன் அவற்றைப் பத்திரப்படுத்தி, இன்னார் இத்தனை ஆண்டு தறிக்கூடத்தில் இருந்தார் என்று சான்று கொடுக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். பதிவேடும் கறையானுக்கு இரையானால், அம்முதியோருக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

நான்கு, எட்டு மணி நேரத்துக்குரிய எல்லையை 90-இலிருந்து 85-ஆகக் குறைக்க மத்திய சர்க்காரை வற்புறுத்த வேண்டும். எட்டு மணி நேரத்தில் வழிகாட்டிய புதுவை, எண்பத்தைந்திலும் வழிகாட்டலாம்.

"இவ்வளவும் செய்தால் சிறு தொழில்கள் எவ்வாறு பிழைக்கும்? ஓடுகிற பட்டறையும் மூடிவிட்டால் காதிருந்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பர். ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த ஊரில் இக்கேள்வியை அலட்சியம் செய்ய நாம் விரும்பவில்லை. சிறு முதலாளிக்கு அபராதத்தை மட்டும் காட்டினால் அவர் அதிகாரியைக் கண்டு கதவை மூடுவார். ஓசையடக்கும் செலவுக்குக் கடனும் மானியமும் அறிவுரையும் கொடுத்தால் அவரே அழைத்துக் காட்டுவார். ஆனால் ஒன்று சொல்வோம். நமது ஆலைகள் நலிந்தது தொழிலாளர் காதைக் காத்த செலவினால் அன்று. காதைக் காவாமலிருந்தும் அவை மூடப்பட்டன. ஆகவே காதைப் பலி கொடுத்தால் தொழில் தழைக்கும் என்னும் வாதம் நமது ஊரிலேயே பொய்த்துப்போன வாதம்.

தொழிற்சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. போனசுக்கும் பஞ்சப்படிக்கும் வாதாடுவது நன்று. அவற்றோடு காதையும் கோரிக்கைப் பட்டியலிற் சேர்க்க வேண்டுகின்றோம். கூலி குறைந்தால் அடுத்த ஆண்டு உயர்த்திக்கொள்ளலாம். போன செவியை எந்த ஒப்பந்தத்தாலும் மீட்க இயலாது. அடுத்த ஜூலை 30-இல் தியாகிகளுக்கு மாலையிடும்பொழுது, கூட்டத்தின் பின்வரிசையில் காதருகே கையை வைத்துக்கொண்டு, மேடைப் பேச்சு விளங்காமல் நிற்கும் பழைய தறிக்காரர்களைத் தலைவர்கள் ஒருகணம் நோக்க வேண்டும்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம்மவர் பழமொழி கூறுவர். புதுவையில் ஆலைச் சங்கு நூறாண்டுக்கு மேல் ஊதிற்று. அதைக் கேட்டு ஓடி வந்தவர்களே செவிடாயினர். அவர்கள் குறையைச் சர்க்காரார் செவியில் ஊதுவது பத்திரிகையின் கடமை. அச்செவி இன்னும் நன்றாகவே கேட்கிறது என்று நம்புகின்றோம்.